பனகல் அரசர்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியிருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொல்லிவிடும் பெயர்களுள் ஒன்று பனகல். தீபாவளித் துணிக்கோ திருமண நகைக்கோ மின்தொடர் வண்டியேறி மாம்பலத்தில் இறங்கி, இரங்கநாதன் தெரு நெரிசலைக் கடந்து, உஸ்மான் சாலை வழியே நடந்தால் வந்து சேருமிடம் பனகல் பூங்கா. சைதாப்பேட்டையில் அரசு அலுவலகங்கள் அமைந்த கட்டடத்திற்கும் பனகல் மாளிகை என்றே பெயர். மனுக் கொடுக்கச் செல்வோரும், கோரிக்கை முழக்கம் எழுப்பச் செல்வோரும் அந்தப் பெயரை நன்கு அறிவர். பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் மட்டும் பலருக்கும் விடை தெரிவதில்லை. ஏதோ ஒரு சிற்றரசர், வெள்ளையர் காலத்து மனிதர், பூங்காவுக்கு நிலம் தந்திருக்கலாம் என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது.

அவர் நிலம் தந்ததற்காக நினைக்கப்படுபவர் அல்லர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். இன்றைய தமிழகத்தின் திருக்கோயில் நிர்வாகம், அரசுப் பணிகளில் வகுப்புவாரி உரிமை, சித்த மருத்துவத்திற்கு அரசின் ஏற்பு ஆகிய மூன்றின் தொடக்கத்தையும் தேடிச் சென்றால் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பனகன்டி இராமராயநிங்கார் 1866 ஜூலை 9ஆம் நாள் காளத்தியில் பிறந்தார். தெலுங்கு பேசும் வேலமர் குலத்துச் செல்வக் குடும்பம். அக்காலத்து ஜமீன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கொஞ்சம் ஆங்கிலமும் குதிரையேற்றமும் கற்பித்துவிட்டால் போதும் என்பது பெரும்பாலோர் எண்ணம். இவரோ சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1886இல் தேர்ச்சி பெற்றார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1893இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். எடுத்துக்கொண்ட பாடம் வடமொழி. பின்னர் சட்டமும் கற்றார்; 1899இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். தத்துவமும் திராவிட மொழிகளும் அவர் விரும்பிய துறைகள். பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் முன்னணித் தலைவர் ஒருவர் வடமொழியைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவருக்கு அது வியப்பாக இருந்திராது. மொழியின் மீது அவருக்குப் பகை இல்லை. ஒரு மொழியறிவும் ஒரு குலப்பிறப்பும் சேர்ந்து அலுவலகக் கதவுகள் அனைத்திற்கும் சாவியாகிவிட்ட நிலையே அவருக்கு உறுத்தியது.

அக்காலத்தில் ஜமீன்தார்கள் அரசியலுக்கு வருவது மாவட்டக் கழகங்களின் வழியே. இவரும் வட ஆர்க்காடு மாவட்டக் கழகத்தில் தொடங்கினார். 1912இல் தென்னாட்டு நிலக்கிழார்களின் சார்பாளராக வைசிராயின் சட்டமன்றத்தில் இடம்பெற்று 1915 வரை பணியாற்றினார். நிலவரியையும் ஜமீன் உரிமையையும் மட்டும் பேசுவதற்கென அனுப்பப்பட்டவர், 1914இல் தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்திற்கெனத் தனித்துறை வேண்டும் என்று அம்மன்றத்தில் பேசினார். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் ஒரு கசப்பான நிகழ்ச்சியை எடைபோட இது தேவைப்படும்.

1916இன் இறுதியில் சர் பிட்டி தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் டாக்டர் சி. நடேசனாரும் முன்னின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அது நடத்திய ஆங்கில நாளேட்டின் பெயரால் நீதிக்கட்சி என்றே மக்கள் அதனை வழங்கினர். இராமராயநிங்கார் அதில் சேர்ந்து விரைவிலேயே முன்வரிசைக்கு வந்தார். அரசியல் சீர்திருத்தம் பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழு விசாரித்தபோது கட்சியின் சார்பில் சான்று கூற 1919இல் இலண்டன் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அங்குச் சென்றிருந்த டாக்டர் நாயர், சான்று கூறும் முன்னரே 1919 ஜூலை 17ஆம் நாள் காலமானார். கட்சி தன் கூர்மையான நாவை இழந்தது. எஞ்சியோர் வாதத்தை நடத்தி முடிக்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத் தேர்தல்களில் பார்ப்பனரல்லாதார்க்கென இடங்கள் ஒதுக்கப்பட்டதற்கு அம்முயற்சிகளே அடிப்படை.

1920 நவம்பரில் முதல் தேர்தல். காங்கிரஸ் ஒத்துழையாமை காரணமாக விலகி நின்றது. சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்குரிமை. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. ஆளுநர் வெல்லிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். அவர் பதவியை ஏற்கவில்லை. கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பர் 17ஆம் நாள் முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் அவர் சில திங்களில் விலக, இரண்டாம் அமைச்சராக இருந்த இராமராயநிங்கார் 1921 ஜூலை 11ஆம் நாள் அப்பொறுப்பை ஏற்றார். 1922இல் பனகல் அரசர் என்ற பட்டம் அளிக்கப்பட்டது. அன்று முதல் பிறப்புப் பெயர் ஆவணங்களுக்குள் ஒடுங்கியது.

அன்றைய முதலமைச்சர் பதவியை இன்றைய கண்ணால் பார்த்தல் தவறு. அது இரட்டை ஆட்சி. நிதி, காவல், நீதி, நிலவரி முதலியன ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருந்தன. கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம், வேளாண்மை, அறநிலையம் போன்றன மட்டுமே அமைச்சர்களிடம் வந்தன. செலவு செய்யும் துறைகள் அமைச்சர்க்கு. பணப்பெட்டியின் சாவி வேறொருவருக்கு. இந்த ஏற்பாட்டில் பல மாகாணங்களில் அமைச்சரவைகள் நிலைகுலைந்தன. சென்னையில் ஒரே மனிதர் ஐந்தாண்டுக்கு மேல் தலைமை தாங்கினார் என்றால், அதற்குப் பெரும்பான்மை ஒரு காரணம். அவருடைய நிதானம் மற்றொரு காரணம். தியாகராயரைப் போல் மேடையில் உணர்ச்சி பொங்கப் பேசுபவர் அல்லர் அவர். குறைவாகப் பேசி, கோப்பிலும் வாக்கெண்ணிக்கையிலும் கண் வைத்திருப்பவர். உள்ளாட்சித் துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டதும் காரணத்தோடுதான். வட்டக் கழகங்களுக்கும் மாவட்டக் கழகங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உறுப்பினரை நியமிக்கும் உரிமை அத்துறையிலேயே இருந்தது. நண்பர்க்கு நாற்காலி, எதிரிக்கு வெறுங்கை என்று எதிர்க்கட்சியார் குற்றம் சாட்டினர். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. நாட்டில் பெரும்பாலோர் பஞ்சத்திலிருக்க அமைச்சர்க்குத் திங்களுக்கு 4,333 ரூபாய் ஊதியமா என்ற கேள்வியும் ஓயாமல் எழுந்தது.

அவருடைய ஆட்சியின் முதற்சோதனை வடசென்னையில் வந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேராமல் வேலைக்குத் திரும்ப, பகை மூண்டு புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன; உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைவர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துக்களின் பக்கம் நின்றனர். ஆதிதிராவிடர் நலனைக் கவனித்துவந்த தொழிலாளர் துறையையே அவர்கள் குறை கூறினர். கட்சிக்குத் தூணாக இருந்த எம்.சி. இராஜா மனம் நொந்து, 1923இல் கட்சியை விட்டு விலகினார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்துறை வேண்டும் என்று ஏழாண்டுகளுக்கு முன் பேசியவரின் ஆட்சியில் அத்தகைய துறையே பழிக்கு ஆளானது. ஆட்சியின் தலைவர் என்ற முறையில் பனகலார் இதற்குப் பொறுப்பிலிருந்து நீங்க இயலாது. பார்ப்பனரல்லாதார் என்ற பெரிய குடையின் கீழ் யார் யார்க்கு நிழல் கிடைத்தது, யார் வெயிலில் நின்றனர் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அவ்வாண்டே அரசாணையாக வெளிவந்தது. ஊர்ப்புறத்தில் அந்த ஆணைக்கு எத்தனை கிணறுகள் பணிந்தன என்பது வேறு கதை.

அரசுப் பணிகள் பற்றிய ஆணை 1921 செப்டம்பரில் வந்தது. ஒரு வகுப்பாரே இடங்களை நிரப்பிவிடாமல் பல வகுப்பார்க்கும் பணி கிடைக்க வேண்டும் என்பதும், எத்தனை பேர் எந்த வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டனர் என்று துறைகள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதன் நோக்கம். 1922இல் இரண்டாம் ஆணை. உடனடி விளைவு பெரிதாக இல்லை என்று கட்சிக்காரர்களே குறைபட்டனர். துறைத் தலைவர்கள் பலர் ஆணையைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தனர். வகுப்புவாரி உரிமை முறையாக நடைமுறைக்கு வந்தது 1927-28இல், சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் இருந்தபோது. ஆயினும் விதை ஊன்றியது 1921இல். 1924இல் அமைக்கப்பட்ட பணியாளர் தேர்வுக் குழு, 1929இல் சென்னைப் பணித் தேர்வாணையம் உருவாக வழிவகுத்தது. மருத்துவக் கல்லூரியில் சேர வடமொழி அறிவு வேண்டும் என்றிருந்த நிபந்தனையைப் பனகலார் நீக்கினார் என்பது திராவிட இயக்க மேடைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

அவருடைய வாழ்வின் பெரும்பணி அறநிலையச் சட்டமே. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கோயில்களின் சொத்தைக் கும்பினியின் வருவாய் வாரியம் மேற்பார்த்து வந்தது. கிறித்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று பாதிரிமார்கள் எதிர்த்ததால், அரசு மெல்ல விலகி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முற்றிலும் கை கழுவியது. கோயில்கள் அறங்காவலரிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் விடப்பட்டன. குழு உறுப்பினர்க்கு ஆயுட்காலப் பதவி. கணக்குக் கேட்பார் இல்லை. கேட்க விரும்புவோர் நீதிமன்றம் சென்று, தம் கைப்பணத்தைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும். நிலம் குத்தகைக்குப் போய்க் குத்தகையாளர் பெயரிலேயே நிலைத்தது. நகை அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. விளக்கெரியாத கருவறைகள் பெருகின. இந்நிலையை மாற்ற வேண்டும் என்று அரை நூற்றாண்டாகப் பலர் மசோதா வரைந்தனர். பார்ப்பனப் பெருமக்களும் அவர்களுள் இருந்தனர். எதுவும் நிறைவேறவில்லை.

1922 டிசம்பர் 18ஆம் நாள் பனகலார் இந்து சமய அறநிலைய மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். கோயில்களையும் மடங்களையும் மேற்பார்க்க ஒரு வாரியம், அதற்குத் தலைவரும் ஆணையர்களும், வரவுசெலவுக் கணக்குக்குத் தணிக்கை, வாரியச் செலவுக்குக் கோயில் வருவாயில் ஒரு பங்கு என்பன அதன் உறுப்புகள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. மடாதிபதிகள் தம் உரிமை போகிறது என்றனர். சமயத்தில் அரசு தலையிடுவது முறையன்று என்றனர் சிலர். கோயில் நிர்வாகம் கட்சிக்காரர்க்கு நியமனச் சந்தையாகும் என்றனர் வேறு சிலர். கடைசியாகச் சொன்ன அச்சம், உள்ளாட்சித் துறையின் நடப்பைப் பார்த்தவர்க்கு இயல்பாக எழக்கூடியதே. காங்கிரசில் எஸ். சத்தியமூர்த்தி கடுமையாக எதிர்த்தார். அதே காங்கிரசிலிருந்த ஈ.வெ. இராமசாமி நாயக்கர் சட்டத்தை ஆதரித்தார். அவ்விருவரிடையே பின்னால் தோன்றிய பெரும் பிளவின் ஒரு கீறலை இங்கேயே காணலாம்.

1923இல் மசோதா நிறைவேறியது. வைசிராய் இசைவு தராமல் திருப்பியனுப்பினார். இடையில் தேர்தல் வந்தது. புதிய மன்றத்தில் மீண்டும் விவாதம். 1925இல் அது சட்டமாயிற்று. வாரியத்தின் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி டி. சதாசிவ ஐயர். பார்ப்பனரல்லாதார் கட்சியின் முதலமைச்சர் செய்த இந்த நியமனத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சட்டம் உரிய முறைப்படி நிறைவேறியதா என்று நீதிமன்றத்தில் வினா எழுந்ததால், 1927இல் அதனை மீண்டும் இயற்ற வேண்டியிருந்தது. அப்போது பனகலார் ஆட்சியில் இல்லை. 1951இலும் 1959இலும் புதிய சட்டங்கள் வந்து, வாரியம் அரசுத் துறையாக வளர்ந்தது. திருநீர்மலைப் பெருமாளும் திருவான்மியூர் மருந்தீசரும் இன்று அத்துறையின் நிர்வாகத்தில்தான் எழுந்தருளியுள்ளனர். அரசு கோயிலை விட்டு வெளியேற வேண்டும் என்போரும், கூடாது என்போரும் ஒரு நூற்றாண்டாக நடத்திவரும் வழக்கு 1922இல் தொடங்கியதே.

மருத்துவத்தில் அவர் செய்தது தமிழர் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒன்று. 1921இல் சர் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தார் அவர். ஆங்கில மருத்துவமும் ஆயுர்வேதமும் கற்ற கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். ஓலைச்சுவடியோடும் மூலிகைப் பையோடும் இருந்த வைத்தியர்களைக் குழு நேரில் விசாரித்தது. அதன் பயனாக 1925இல் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் அரசு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கியது. சீனிவாசமூர்த்தியே முதல் தலைமையாசிரியர். எண்பது ஆண்டுகள் கழித்து 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அங்குக் காலையில் சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் பனகலாரை நினைப்பதற்கு வழியில்லை. ஆனால் வரிசையின் தலைமாடு அவருடைய குழுவில்தான் இருக்கிறது.

1923 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி களமிறங்கியது. நீதிக்கட்சியின் பலம் குறைந்தது. கட்சிக்குள்ளும் புழுக்கம். அமைச்சர் மூவரும் தெலுங்கராக இருந்தனர். தமிழர்க்கு இடம் எங்கே என்ற கேள்வி நடேசனார் போன்றோரிடமிருந்தே எழுந்தது. பனகலார் கே.வி. ரெட்டி நாயுடுவை விடுத்து டி.என். சிவஞானம் பிள்ளையை அமைச்சராக்கினார். கல்வி அமைச்சராக ஏ.பி. பாத்ரோ தொடர்ந்தார். ஆயினும் அதிருப்தியாளர் விலகி, சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டமன்றங்களில் அத்தகைய தீர்மானம் அதுவே முதல். 1923 நவம்பர் 27ஆம் நாள் வாக்கெடுப்பில் அமைச்சரவைக்கு 65, எதிராக 44. அரசு நியமன உறுப்பினரின் வாக்கு இல்லையேல் முடிவு வேறாகியிருக்கலாம் என்று எதிரிகள் கூறினர். மூன்றாண்டு கழித்து அமைச்சரவை நிறுவிய ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு அந்த சி.ஆர். ரெட்டியே முதல் துணைவேந்தரானார். அரசியல் பகையை அறிவின் மதிப்பு வென்ற காலமும் ஒன்று இருந்தது.

இந்த ஆண்டுகளில்தான் சென்னை தெற்கு நோக்கி நகர்ந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பேரேரியின் மாம்பலப் பகுதி வற்றவைக்கப்பட்டு மனைகளாயிற்று. புதுநகருக்குத் தியாகராயர் பெயர். நடுவில் பூங்காவுக்குப் பனகலார் பெயர். நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, கோபதி நாராயணசாமி செட்டியார் சாலை, தணிகாசலம் சாலை, சிவஞானம் சாலை, பின்னாளில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று நீதிக்கட்சியின் உறுப்பினர் பட்டியலையே தெருப்பலகைகளில் படித்துவிடலாம். மக்கள் குடியேற இடம் கிடைத்தது, ஏரி போயிற்று. 2021 நவம்பர் மழையில் அத்தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றபோது, தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை என்று முதியோர் பேசிக்கொண்டனர். தியாகராய நகரைத் தொடர்ந்து தெற்கே ஊர்கள் நிரம்பின. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கினார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி வந்தது.

1925இல் தியாகராயர் மறைந்தார். கட்சித் தலைமையும் பனகலாரிடம் வந்தது. இரண்டு சுமையையும் ஒருவரே தாங்கியது கட்சிக்கு நன்மையாக அமையவில்லை. 1926 நவம்பர் தேர்தலில் சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடங்கள், நீதிக்கட்சிக்கு 21. சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுக்க, ஆளுநர் கோஷென் பிரபு குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனை அழைத்துச் சுயேச்சை அமைச்சரவை அமைத்தார். டிசம்பர் 3ஆம் நாள் பனகலார் விலகினார். அவ்வாண்டே அரசர் பெருமானின் சர் பட்டம் அவருக்குக் கிடைத்திருந்தது. பட்டம் வாக்குகளைக் கொண்டுவரவில்லை.

எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த அவர் முதலில் சுப்பராயன் அமைச்சரவையை ஓயாது தாக்கினார். 1927இல் கோவையில் கூடிய பார்ப்பனரல்லாதார் மாநாடு, விரும்பியவர் காங்கிரசில் சேரலாம் என்று வழிவிட்டது. கட்சி கரைவதைக் கண்டு வருந்தியோர் பலர். பின்னர் சைமன் குழு வந்தது. அதனை வரவேற்பதா, புறக்கணிப்பதா என்ற சிக்கலில் சுப்பராயனின் இரு அமைச்சர்கள் விலகினர். அமைச்சரவை கவிழ வேண்டிய நேரத்தில் பனகலார் தம் கட்சியின் ஆதரவை அதற்குத் தந்து நிற்கச் செய்தார். நீதிக்கட்சியின் எம். கிருஷ்ணன் நாயர்க்கு ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. நேற்றுவரை எதிர்த்த ஆட்சியை இன்று தாங்குவதற்கு இதுதான் விலையா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த ஆட்சியின் வழியே வகுப்புவாரி ஆணை உயிர்பெற்றது என்று விடை சொன்னவர்களும் உண்டு. இரண்டும் உண்மையே.

1928ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விஷக் காய்ச்சலால் படுக்கையில் விழுந்தார். டிசம்பர் 16ஆம் நாள் சென்னையில் உயிர் பிரிந்தது. வயது அறுபத்திரண்டு. கட்சித் தலைமைக்குப் போட்டி எழுந்தது, பி. முனுசாமி நாயுடு தலைவரானார். 1930 தேர்தலில் கட்சி மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. ஜமீன்தார்களுக்கும் மற்றவர்க்கும் இடையே உட்பூசல் முற்றியது. 1932இல் பொப்பிலி அரசர் முனுசாமி நாயுடுவை வீழ்த்திப் பதவிக்கு வந்தார்.